மூடிய ஷட்டருக்கு வாடகை

மதுக்கடைக்காரர்கள் எல்லாரும் அவளை வேன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது பெரியவர்களுக்கும் அவள் அக்காதான். மதுபானங்களை மொத்தமாக விற்கும் குடோன் ஒன்றில் பாட்டில்களைத் துடைத்து அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள், டிரைவர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன சமயத்தில் வண்டிச் சாவியைக் கையில் வாங்கினாள். அதன் பிறகு யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. தலை நரைக்கத் தொடங்கும்வரை கடை கடையாகச் சரக்கு இறக்கியது அவள்தான். பெட்டியைத் தோளில் ஏற்றும்போதே லேசாக ஒரு குலுக்கு குலுக்குவாள். உள்ளே ஒரு பாட்டில் உடைந்திருந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் கணவர் வெல்டர். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று எது கேட்டாலும் செய்து கொடுப்பார். பாதிப் பேர் சொன்ன தேதியில் பணம் தரமாட்டார்கள், அவரும் போய்க் கேட்கமாட்டார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றித் துருவிக் கேட்பவர்களிடம், "முதல்ல நாங்க வளர்ந்து முடிக்கிறோம்ங்க" என்று சொல்லிவிட்டு இரும்பைத் தேய்க்கப் போய்விடுவார்.

ஒருநாள் குடோன் மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். இத்தனை வருடத்தில் அவர் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. விஷயம் நல்லதில்லை என்று அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. வண்டிகளை எல்லாம் விற்கப்போகிறார்கள். இனிமேல் வெளியே ஒரு கம்பெனிதான் சரக்கை ஏற்றி இறக்கும்.

"உங்கள அனுப்ப எனக்கு மனசே இல்லக்கா. பில் போடுற இடத்துல உட்கார்றீங்களா? சம்பளம்தான் கொஞ்சம் குறையும்."

"எவ்வளவு கொஞ்சம்?"

அவர் சொன்னார். அது கொஞ்சமாக இல்லை.

"அப்ப எனக்குச் சேர வேண்டியதைக் கணக்கு முடிச்சுக் குடுத்துடுங்க சார். நானே ஒரு கடை போட்டுக்கறேன்."

அவள் அதை முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. தானாக வாயில் வந்துவிட்டது. ஆனால் வந்த வார்த்தையைத் திரும்ப உள்ளே இழுக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மேனேஜர் சிரித்தார். "கடை போடுறது பெட்டி தூக்குற மாதிரி இல்லக்கா."

"பெட்டி தூக்குறதும் நீங்க நினைக்கிற மாதிரி இல்ல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வெல்டர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார். "என்ன கடை?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கு வேற எந்தக் கடையைப் பத்தித் தெரியும்?"

"அது சரி. உன் தங்கச்சி என்ன சொல்லும்?"

"அவகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். பேசவில்லை. இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். தங்கை இரண்டு தெரு தள்ளித் துணி தேய்க்கும் கடை வைத்திருந்தாள். அவள் கணவன் குடித்தே செத்தவன். அந்த வீட்டில் 'பாட்டில்' என்ற சொல் வந்தாலே பேச்சு நின்றுவிடும்.

கடைக்கு இடம் பார்ப்பதில் அதிகம் அலையவில்லை. பெரிய தெருவில் மருந்துக் கடையை ஒட்டி ஒரு செருப்புக் கடை காலியாகிக் கிடந்தது. உள்ளே பசை வாசனை இன்னும் போகவில்லை. சுவர் முழுக்கச் செருப்பு அடுக்கிய பலகைகளின் தடம். கட்டடக்காரர் முதலில் ஒரு வாடகை சொன்னார். என்ன கடை என்று தெரிந்ததும் வேறொரு வாடகை சொன்னார்.

"செருப்புக் கடை வேறம்மா. இது பாட்டில் கடை. நாளைக்கு ஒரு சண்டை வரும், கண்ணாடி உடையும்."

"உடைஞ்சா என் கண்ணாடிதானே சார் உடையும்?"

"கண்ணாடி உங்களுது. சுவர் என்னுது" என்றார் அவர். அட்வான்ஸையும் சேர்த்து ஏற்றினார்.

உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு விண்ணப்பம் போட வேண்டுமென்றால் கடையை வாடகைக்கு எடுத்த ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். ஆக, ஒரு பாட்டில் கூட விற்காமல், விற்கவும் முடியாமல், மாதம் பிறந்தால் வாடகை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். 'இந்த இடத்தில் மதுக்கடை வரவிருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம்' என்று ஷட்டரில் ஒட்டிய நோட்டீஸ் வெயிலில் வெளுத்தது, மழையில் நைந்தது. அவள் இன்னொன்று வாங்கி ஒட்டினாள். கட்டடக்காரர் மட்டும் மாதம் தவறாமல் வந்து, மூடிய ஷட்டரை ஒருமுறை பார்த்து, "இன்னும் திறக்கலையாம்மா?" என்று அனுதாபமாகக் கேட்டு, பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

விண்ணப்பத்துக்குக் கட்டிய கட்டணம், லைசென்ஸ் கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. இன்ஷூரன்ஸ்காரர் வந்து சுற்றிப் பார்த்து, கண்ணாடிக்கு வெளியே கிரில் வேண்டும், கேமரா வேண்டும், தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மின்விசிறியும் நாலு டியூப்லைட்டும் ஓடிய செருப்புக் கடை வயர், பெரிய கூலரைத் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் கையை விரித்தார். மீட்டரிலிருந்து புது லைன் இழுக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட கூலர் புதிதாக வாங்குவதைப் பற்றி நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூடிப்போன கடை ஒன்றிலிருந்து பழையதைப் பிடித்தாள். அதைப் பார்க்க வந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக், டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடும்கா. எவ்வளவு நாள்னு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

கிரில்லை மட்டும் வெல்டர் செய்து கொடுத்தார். "வீட்டு ஆளுன்னா கூலி கிடையாதா?" என்றார்.

"மத்தவங்க எத்தனை பேர் உங்களுக்குக் கூலி குடுத்தாங்க? அந்த வரிசையில என்னையும் சேத்துக்கங்க."

குடோனில் வாங்கிய பணம் பாதிக்குக் கீழே வந்தபோது, விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று பார்க்க லைசென்ஸ் ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த கிளார்க் ஃபைல் கட்டைப் புரட்டிவிட்டு, "ரெண்டு ஆட்சேபம் வந்திருக்கும்மா. விசாரணை வெக்கணும்" என்றார். "ஒண்ணு உங்க தெரு கிளினிக் டாக்டர். இன்னொண்ணு ஒரு அம்மா. துணி தேய்க்கிற கடையாம்."

பெயரை அவள் கேட்கவில்லை. படியிறங்கி வெளியே வந்தாள். நேராகத் தங்கை கடைக்குப் போனாள்.

தங்கை ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவளே முதலில் பேசினாள்.

"தெரிஞ்சிடுச்சா?"

"என்னை எதிர்த்து நீயே எழுதிட்டியா?"

"உன்னை எதிர்த்து எழுதல. கடையை எதிர்த்து எழுதினேன். அது உன் கடைன்னு நீயா வந்து என்கிட்ட சொன்னே? நோட்டீஸைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"அவர் வாங்கிக் குடிச்ச கடைக்குச் சரக்கு இறக்கினது யாருக்கா?" தங்கை குரலை உயர்த்தவில்லை. "நீ. வாரத்துக்கு ரெண்டு தடவை. அந்த வேனை நான் இந்த ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அப்ப நான் ஒண்ணும் சொல்லல. வயித்துப் பிழைப்புன்னு விட்டுட்டேன். இப்ப நீயே கடை வெச்சா நான் சும்மா இருக்கணுமா?"

  வேன் அக்கா தேய்த்த துணிகளின் சூடு முகத்தில் அடிக்க, மேஜைக்குக் கிட்டே வந்தாள்.  "எழுதினதை வாபஸ் வாங்குன்னு கேக்க வரல. விசாரணைக்கு வா. அங்க எல்லார் முன்னாடியும் சொல்லு" என்றாள்.

"வருவேன்."

"நானும் கடையை விடமாட்டேன்."

"விடுன்னு சொன்னா நீ கேக்கவா போறே?" என்று தங்கை இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

விசாரணை நடத்திய அதிகாரியம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். ஒரு பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டே கேட்டார். டாக்டர் வரவில்லை, கம்பவுண்டரை அனுப்பியிருந்தார். கிளினிக் வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் ஆட்சேபம். பிறகு தங்கை எழுந்தாள். புருஷனுக்கு அந்தக் கடைக்காரர் கடன் கொடுத்ததைச் சொன்னாள். கடனுக்கு வாட்சை வாங்கி வைத்துக்கொண்டது, பிறகு பைக்கை, பிறகு அவள் தையல் மெஷினை. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அந்தக் கடை திறந்திருக்கும் என்றாள். அழவில்லை. துணிக்கு ரசீது சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அதிகாரியம்மா வேன் அக்காவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ சொன்னதுல ஒரு வார்த்தை கூடப் பொய் இல்ல மேடம். அந்தக் கடைக்குச் சரக்கு போட்டது நான்தான். அந்த மாதிரி ஒரு கடையை நான் நடத்தப் போறேன்னு உங்களுக்குத் தோணிச்சுன்னா லைசென்ஸ் குடுக்காதீங்க."

வெல்டர் பின் வரிசையில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். மாதக்கணக்கில் கட்டிய வாடகை எல்லாம் அவர் கண்முன் வந்து போயிருக்கும்.

அதிகாரியம்மா தங்கையிடம் திரும்பினார். "கடை வந்தா என்னென்ன இருக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

"கடையே இருக்கக் கூடாது."

"அதை எழுதிக்கிட்டேன். அப்படியும் வந்தா?"

தங்கை விரல் மடக்கி எண்ணினாள். "கடன் குடுக்கக் கூடாது. பொருளை வாங்கி வெச்சுக்கக் கூடாது. காலையில திறக்கக் கூடாது. வாசல்ல நின்னு குடிக்க விடக் கூடாது."

லைசென்ஸ் வந்தது. தங்கை சொன்ன அத்தனையும் நிபந்தனையாக அதில் ஏறியிருந்தன. நண்பகலுக்கு முன் திறக்கக் கூடாது. ஒன்பதுக்கு மூடிவிட வேண்டும் என்று அதிகாரியம்மாவும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தார்.

வெல்டர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "காலை வியாபாரம் போச்சு. ஷிப்ட் முடிஞ்சு லேட்டா வர்றவனும் போச்சு. மிச்சம் என்ன இருக்கு?"

"நடுவுல இருக்கு" என்றாள் அவள்.

முதல் சரக்கு எடுக்கத் தன் பழைய குடோனுக்கே போனாள். மேனேஜர் மறுபடி நாற்காலி போட்டார். புதுக் கடைக்குக் கடன் கிடையாது, ரொக்கம் வைத்தால்தான் பெட்டி என்றார். "ரூல்ஸ்க்கா. நான் என்ன பண்ண?" அந்த ரூல்ஸ் அவளுக்கும் தெரியும். எத்தனையோ புதுக் கடைக்காரர்கள் அவளிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள்; அவள் கடனுக்கு ஒரு பெட்டியைக்கூட இறக்கியதில்லை. கையிலிருந்த பணத்துக்கு வந்ததை ஏற்றிக்கொண்டு வந்து, பலகை நிரம்பித் தெரிவதற்காக எல்லாவற்றையும் முன்வரிசைக்கு இழுத்து அடுக்கினாள். பின்னால் ஒன்றுமில்லை. முதல்நாள் வந்த ஒருவர் பார்த்துவிட்டு, "என்னக்கா, எல்லாம் ஒத்தை வரிசையில நிக்குது, ஸ்கூல் பிரேயர் மாதிரி?" என்றார்.

"ஒண்ணை வாங்கிட்டுப் போங்க. பசங்க வீட்டுக்குப் போகட்டும்" என்றாள். அவர் இரண்டு வாங்கினார்.

பாட்டில் கடை என்றால் பணம் கொட்டும் என்றுதான் தெருவே நினைத்தது. கொட்டியது கரண்ட் பில். ராத்திரி பகல் ஓடும் கூலருக்கு விடுமுறை உண்டா? பீரில் நிற்கும் லாபம் ஒரு விரல் நுனி அளவு. இறக்கும்போது கைதவறி ஒன்று உடைந்தால் அந்தப் பெட்டியின் லாபம் தரையோடு ஓடிவிடும். சட்டைக்குள் ஒரு பாட்டிலைச் செருகிக்கொண்டு நாகரிகமாக நன்றி சொல்லிப் போனவரைக் கேமராவில் மறுநாள்தான் பார்த்தாள். வெயில் உச்சத்தில் இருந்த வாரத்தில் கூலரின் கம்ப்ரஸர் ஒரு முனகல் முனகி நின்றது. மெக்கானிக் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் வேறொன்று தேடிக் கொண்டுவரும்வரை தினமும் ஐஸ் வாங்கித் தொட்டிகளில் நிரப்பி, பாட்டில்களை அதில் புதைத்து விற்றாள். விரல்கள் விறைத்துச் சில்லறை எண்ண வராமல் போனது.

இவை எல்லாம் கூடப் பெரிதில்லை. கடன் இல்லை என்று சொல்வதுதான் அதிகம் கையைக் கடித்தது. பக்கத்துத் தெருக் கடையில் கேட்டால் கொடுத்தார்கள். வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் பெயிண்டர் ஒருவர், நல்ல மனிதர், தினமும் வேலை முடிந்து வந்து ஒரு பீர் வாங்கி, இரண்டு ஜோக் சொல்லிவிட்டுப் போவார். மாதக் கடைசியில் ஒருநாள் தயங்கித் தயங்கி நின்றார்.

"சனிக்கிழமை குடுத்துடறேன்கா. என்னை உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன். இல்லப்பா."

"ஒரு பீருக்கா?"

"ஒரு பீர்லதான் எல்லாம் ஆரம்பிக்குது."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பெரிய கோயில் நடத்துறா இவ!" என்று வாசலில் நின்று நாலு பேர் கேட்கக் கத்திவிட்டுப் போனார். போனவர் வரவில்லை. அவரோடு சேர்ந்து வருகிறவர்களும் வரவில்லை.

அன்றைக்குக் கடை மூடும்போது வெல்டர் மெல்ல ஆரம்பித்தார். "தெரிஞ்சவங்களுக்கு மட்டும் குடுத்தா என்ன? யார் வந்து பார்க்கப் போறா?"

"யாரும் பார்க்க வேணாம்ங்க. அந்தக் கடைக்காரன் தையல் மெஷினைத் தூக்கிட்டுப் போனப்ப தங்கச்சி வீட்டு வாசல்ல நான் நின்னுக்கிட்டிருந்தேன். எனக்கு அது போதும்."

"அப்ப வாடகைக்கு?"

"வாடகைக்கு வேற வழி பார்க்கறேன்."

வேறு வழி அவள் கைக்குப் பழகியதாகவே இருந்தது. விருந்து நடத்துகிறவர்கள் எத்தனை பாட்டில் வேண்டும் என்று தெரியாமல் தவிப்பதைக் கடைக்கு வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். குறைந்துபோனால் மானம் போகும். மிஞ்சிப்போனால் பணம் போகும். பழைய வேன் ஒன்றை வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தனி அனுமதி, அதற்கு ஒரு கட்டணம், வேனுக்கு இன்ஷூரன்ஸ், மறுபடி கை காலியானது. ஆனால், 'முழுப் பணம் முன்னாடியே குடுத்துடணும். சீல் உடையாம மிஞ்சினதை நானே வந்து எடுத்துக்கிட்டுக் காசைத் திருப்பித் தருவேன்' என்று அவள் சொன்னதை வேறு எந்தக் கடையும் சொல்லவில்லை. ஆபீஸில் ஓய்வு பெறுகிறவருக்கு ஒரு விருந்து, புது வீட்டில் ஒரு விருந்து என்று முதலில் ஒன்றிரண்டு வந்தன. பிறகு வார இறுதி என்றால் வேன் நிற்க நேரமில்லாமல் போனது. கடையை வெல்டர் பார்த்துக்கொண்டார். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டே பில் போட்டார். அது ஒரு பழக்கமாகிவிட்டது.

பலகைகளில் பாட்டில்கள் இரண்டாவது வரிசை கட்டின. வாடகை கொடுத்து, கரண்ட் பில் கட்டி, அதன் பிறகும் கையில் ஏதோ நின்ற முதல் மாதமும் வந்தது. அன்றைக்குக் கட்டடக்காரரிடம் பணத்தைக் கொடுக்கும்போது, "சுவர் நல்லாத்தான் இருக்கு சார், பார்த்துக்கங்க" என்றாள்.

லைசென்ஸைப் புதுப்பிக்கும் சமயம் வந்தது. ஒரு ஆட்சேபம் வந்திருக்கிறது என்றார் கிளார்க். யார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விசாரணை காலையில் நடந்தது. இந்தத் தடவை அதிகாரியம்மாவுக்கு ஜலதோஷம் இல்லை. தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"கடன் குடுத்தாங்களா?"

"இல்ல."

"காலையில திறந்தாங்களா?"

"இல்ல. தினமும் அந்தப் பக்கமாத்தான் போறேன். பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்புறம் எதுக்கும்மா ஆட்சேபம்?"

"நான் பார்த்துக்கிட்டிருக்கேன்னு அக்காவுக்குத் தெரியணும்."

அதிகாரியம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புதுப்பித்துக் கொடுத்தார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வேன் அக்காதான் கேட்டாள். "சாப்பிட்டியா?"

"இல்ல."

"எதிர்லயே ஒரு ஹோட்டல் இருக்கு. வா."

"உன் கடைக் காசுல நான் சாப்பிட மாட்டேன்."

"அப்ப நீ எனக்கு வாங்கிக் குடு. பசிக்குது."

தங்கைக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்கும் சேர்த்து அவள்தான் பணம் கொடுத்தாள். சாப்பிடும்போது இஸ்திரிக் கடைக்கு வரும் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினார்கள். அதில் இருவருக்கும் ஒரே கருத்து. "அத்தான் இன்னும் கண்ணாடியை நெத்தியில வெச்சுக்கிட்டுத்தான் பில் போடறாரா?" என்று தங்கை கேட்டாள். ஷட்டருக்கு வெளியிலிருந்து அவ்வளவும் பார்த்திருக்கிறாள்.

கை கழுவிக்கொண்டு வந்ததும் தங்கை கண்டிப்பாகச் சொன்னாள். "அடுத்த வருஷமும் எழுதுவேன்கா."

"எழுது. எழுத்தை மட்டும் கொஞ்சம் புரியுற மாதிரி எழுது. அந்த கிளார்க் பாவம், கண்ணுகிட்ட வெச்சு வெச்சுப் படிக்கிறாரு."

பஸ் வந்தது. பன்னிரண்டுக்குக் கடை திறக்க வேண்டும். வேன் அக்கா முண்டியடித்து ஏறி, தங்கைக்கும் ஓர் இடம் பிடித்தாள்.